எங்கள் தமிழ்க் குழுவில் யூத வெறுப்புப் பதிவுகள்: எதை நீக்குவது, எதற்குப் பதில் சொல்வது?

வெளிமுற்றம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். இப்பகுதித் தமிழர்களுக்காக ஒரு சமூக ஊடகத் தளத்தில் இயங்கும் குழுவின் மூன்று நிர்வாகிகளில் நானும் ஒருத்தி. வீடு தேடுவோர், பழைய தளபாடங்களை விற்போர், அரசாங்கக் கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் கேட்போர், கோவில் திருவிழா அறிவிப்போர் என்று நாளொன்றுக்கு முப்பது நாற்பது பதிவுகள் வரும். உறுப்பினர் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள்.

சென்ற மாதம் ஒருவர் ஒரு படம் இட்டார். ஹிட்லரின் நிழற்படம், அதன்மேல் மஞ்சள் எழுத்தில் விடாமுயற்சியைப் பற்றி ஒரு 'பொன்மொழி', மூலையில் உதயசூரியன். இத்தகைய படங்கள் தமிழ் வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாக உலவுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள், அதன்கீழ் வந்த பின்னூட்டங்கள் எங்கோ போய்விட்டன. "காஸாவில் நடப்பதைப் பார்த்தால் இவர் தன் வேலையை முடிக்காமல் விட்டுவிட்டார் என்றே தோன்றுகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு 61 விருப்பக்குறிகள். "உலக வங்கிகள் எல்லாம் அவர்கள் பிடியில்தானே" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு, "யூதர்களைப் போல் நாமும் ஒற்றுமையாக இருந்திருந்தால் இன்று பணமும் பத்திரிகையும் நம் கையில் இருந்திருக்கும்" என்று எழுதியிருந்தார்.

முதல் பின்னூட்டத்தைப் பற்றித் தளத்திடம் முறையிட்டேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஆகவே முழுப் பதிவையும் நானே நீக்கினேன். அதிலிருந்து எங்கள் மூவருக்குள்ளும் பிணக்கு. "ஊர்வாயை மூட உலைமூடி இல்லை, பேசாமல் விடுங்கள் அக்கா" என்கிறார் ஒருவர். இஸ்ரேலைக் குறைகூறும் எவரையும் இனி நான் நீக்கிவிடுவேன் என்று அஞ்சுகிறார் மற்றவர்.

இது என்னை ஏன் இவ்வளவு வருத்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே, நடைபாதைக் கற்களுக்கு நடுவில், நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் நினைவாக, பத்து சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு பித்தளைப் பட்டயங்கள் பதிக்கப்பட்டுள்ளன. 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுசெல்லப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம் என்று நான்கைந்து வரிகள். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய இந்தப் பணியில் ஐரோப்பா முழுவதும் இதுவரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1938இல் நாஜிகள் யூதர் மீது ஏவிய வன்முறையின் நினைவு நாளான நவம்பர் 9 அன்று ஒவ்வோர் ஆண்டும் என் மகள் பழைய துணியும் பித்தளை மெருகுமாகப் போய் அந்த நான்கையும் துடைத்துவிட்டு வருவாள். நான்கில் ஒன்று அவளைவிட வயது குறைந்த சிறுமியுடையது. அந்தக் கல்லைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்குள் நுழைகிறேன். நுழைந்ததும் கைபேசியில் அந்த 61 விருப்பக்குறிகளைப் பார்க்கிறேன்.

எதை நீக்குவது, எதற்குப் பதில் சொல்வது, இஸ்ரேல் மீதான விமர்சனம் எந்த இடத்தில் யூதர் மீதான வெறுப்பாகிறது, தளம் கைவிரித்தால் அடுத்து எங்கே போவது? இவற்றில் அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுபார்வை

சகோதரி, நான் மூன்று ஆண்டுகள் தமிழ் உள்ளடக்கச் சரிபார்ப்பாளராக வேலை பார்த்தவன். எந்தத் தளத்துக்காக, எந்த ஒப்பந்த நிறுவனத்தில் என்பதை எழுத ஒப்பந்தம் இடம் தராது. வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லலாம்.

நீங்கள் முறையிடும் பின்னூட்டம், பதிவிலிருந்து கிழித்தெடுத்த துண்டாகவே சரிபார்ப்பவரின் திரைக்கு வரும். மேலே ஹிட்லர் படம் இருந்தது அவருக்குத் தெரியாமல் போகலாம். "இவர் தன் வேலையை முடிக்காமல் விட்டுவிட்டார்" என்ற வரியைத் தனியே படித்துப் பாருங்கள்: எவர், என்ன வேலை? கொத்தனாரைப் பற்றிய குறை என்றுகூட எண்ணலாம். சில நொடிகளில் முடிவெடுத்து அடுத்ததற்குப் போகவேண்டிய நிலையில், ஐயத்தின் பலன் பெரும்பாலும் பதிவிட்டவருக்கே போகும். ஆகவே இனி முறையிடும்போது பின்னூட்டத்தோடு மூலப்பதிவையும் சேர்த்து முறையிடுங்கள். படத்தைத்தான் முதலில் முறையிட வேண்டும். நாஜித் தலைவர்களைப் போற்றும் உள்ளடக்கத்தைப் பெரிய தளங்கள் பலவும் வெளிப்படையாகவே தடைசெய்துள்ளன.

இயந்திர வடிகட்டியைப் பற்றியும் ஒரு சொல். தமிழில் ஒரே சொல் யூதன், யூதர், யூதர்களுக்கு, யூதப்பய என்று பத்து உருவம் எடுக்கும். ஆங்கில எழுத்தில் தட்டினால் இன்னும் பத்து. குழு அமைப்பில் நீங்கள் ஒரு சொல்லைத் தடைப்பட்டியலில் சேர்த்தால் வேதாகம வசனம் மாட்டிக்கொள்ளும், வசை தப்பிவிடும். மறைகுறிகள் வேறு. 2016இல் அமெரிக்காவில் யூதர்களின் பெயரைச் சுற்றி மும்மடங்கு அடைப்புக்குறி இட்டு அடையாளம் காட்டினார்கள். அவ்வாறு பெயர்களைத் தானாகக் குறித்துக் காட்டிய ஓர் உலாவி நீட்சியைக் கூகுள் அவ்வாண்டு ஜூனில் நீக்கியது. இப்போது பழச்சாறுப் பெட்டியின் சின்னப்படம் அதே வேலையைச் செய்கிறது; ஆங்கிலத்தில் யூதரைக் குறிக்கும் சொல்லும் பழச்சாற்றின் பெயரும் ஒலியில் நெருங்கியவை. எங்கள் தமிழ் வரிசையில் அந்தப் பெட்டியை முதன்முறை பார்த்தபோது நான் அதைக் குளிர்பான விளம்பரம் என்று கடந்துவிட்டேன். பிறகு புரிந்தபோது கடந்துபோனவற்றைத் திரும்ப எடுக்க வழியில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

விதி எழுதுவது ஒன்று, அதைக் கண் வைத்துப் பார்ப்பது வேறொன்று. ஃபேஸ்புக் 2020 அக்டோபர் வரை யூத இனப்படுகொலையை மறுக்கும் பதிவுகளைத் தடைசெய்திருக்கவில்லை. தடைசெய்த பிறகும், ஒரு கேலிச்சித்திரப் பாத்திரத்தின் வாயில் இனப்படுகொலை மறுப்பைத் திணித்த படமொன்று இன்ஸ்டாகிராமில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. பயனர்கள் பலமுறை முறையிட்டும், பெருந்தொற்றுக் காலத்தில் வேலைப்பளுவைக் குறைக்கக் கொண்டுவந்த தானியங்கி முறை சில முறையீடுகளை எவரும் பார்க்காமலே மூடிவிட்டது. 2024 ஜனவரியில் மெட்டாவின் மேற்பார்வைக் குழு அதைச் சுட்டிக்காட்டித் தீர்ப்பளித்தது. ஆங்கிலத்திலேயே இந்த நிலை என்றால் தமிழில் எப்படி இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் ஒரு வரியின் குத்தலை உடனே உணரக்கூடியவர்கள் நீங்கள் மூவர்தான். எந்தத் தளமும் அந்த இடத்தை நிரப்பப் போவதில்லை.

விடுவதா நீக்குவதா என்ற கேள்வியில் உங்கள் சக நிர்வாகியோடு நான் உடன்படவில்லை. யுனெஸ்கோவும் ஐக்கிய நாடுகள் சபையும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இனப்படுகொலையைப் பற்றிய பொதுப்பதிவுகளில் அதை மறுப்பவையோ திரிப்பவையோ டெலிகிராமில் 49 விழுக்காடு, ட்விட்டரில் 19, டிக்டாக்கில் 17, ஃபேஸ்புக்கில் 8, இன்ஸ்டாகிராமில் 3 என்று கண்டார்கள். மனிதர்கள் தளத்துக்குத் தளம் அவ்வளவா மாறிவிடுகிறார்கள்? காவல் இருக்கும் தெருவுக்கும் இல்லாத தெருவுக்கும் உள்ள வேறுபாடு அதில் பெருமளவு தெரிகிறது என்றே நான் கருதுகிறேன்.

சட்டப்படி

கொலோன் நகரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். சுருக்கமாக எழுதுகிறேன்.

முதலில், நீக்குவதற்கு முன் சேமியுங்கள். பின்னூட்டம், மேலிருந்த படம், எழுதியவரின் பக்க முகவரி, நாள், நேரம் எல்லாம் ஒரே திரைப்பிடியில் தெரிய வேண்டும். நீக்கிய பின்பு எவரும் எதையும் நிறுவ முடியாது.

ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 130ஆம் பிரிவு, மக்களில் ஒரு பகுதியினருக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவதையும், நாஜிகளின் இனப்படுகொலையைப் பொதுவெளியில் ஆதரிப்பதையும் மறுப்பதையும் சிறுமைப்படுத்துவதையும் தண்டிக்கிறது. ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். 86அ பிரிவு ஸ்வஸ்திகா போன்ற நாஜிச் சின்னங்களைப் பரப்புவதற்கானது. (நம் கோவில் ஸ்வஸ்திகாவைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு: அப்பிரிவின் குறி நாஜி அமைப்புகளின் சின்னமே, ஆயினும் சூழல் தெரியாமல் படமாக மட்டும் பகிர்ந்தால் தொல்லைதான்.) நீங்கள் மேற்கோள் காட்டிய முதல் வரி, இனப்படுகொலையை ஆதரிப்பதாகவே வாசிக்கப்படக்கூடியது. ஆறாயிரம் பேர் உள்ள குழுவைத் தனியறை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும் என நம்பி இருந்துவிட வேண்டாம். பெற்றோருக்கு ஒன்று: இங்கே பதினான்கு வயது நிறைந்தால் குற்றப்பொறுப்பு உண்டு. வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஹிட்லர் ஒட்டுப்படம் அனுப்பிய பிள்ளைகளின் வீட்டுக்குக் காவல்துறைக் கடிதம் வந்ததை எங்கள் அலுவலகத்திலேயே கண்டிருக்கிறேன்.

தளத்திடம் முறையிடுவதில் இரண்டு வாசல்கள் உள்ளன. பெரும்பாலோருக்கு ஒன்றுதான் தெரியும். நீங்கள் அழுத்தியது அநேகமாக 'சமூக விதிகளை மீறுகிறது' என்ற வாசல். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. அதன்படி 'சட்டவிரோத உள்ளடக்கம்' என்று தனியே அறிவிக்கும் வழியை ஒவ்வொரு தளமும் வைத்திருக்க வேண்டும். அவ்வழியே அறிவித்தால் முடிவை உங்களுக்குத் தெரிவிக்கவும், மேல்முறையீட்டுக்கு இடமளிக்கவும் தளம் கடமைப்பட்டது. மேல்முறையீட்டுக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. அதிலும் திருப்தி இல்லையென்றால், அங்கீகரிக்கப்பட்ட வெளி அமைப்பு ஒன்றிடம் தீர்வு கேட்கலாம். 'நம்பகமான அறிவிப்பாளர்' என்று அரசு அங்கீகரித்த அமைப்புகளும் உள்ளன. அவற்றின் அறிவிப்புகளுக்குத் தளங்கள் முன்னுரிமை தரவேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆலோசனை சொல்லவே ஹேட்எய்ட் போன்ற அமைப்புகள் இயங்குகின்றன.

சட்டம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. 2017இல் ஜெர்மனி கொண்டுவந்த சட்டம், வெளிப்படையாகச் சட்டவிரோதமானவற்றை 24 மணி நேரத்தில் நீக்கச் சொல்லி, தவறினால் 5 கோடி யூரோ வரை அபராதம் என்றது. தண்டத்துக்கு அஞ்சித் தளங்கள் நல்ல பேச்சையும் சேர்த்து வெட்டும் என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது. அதே வகையில் பிரான்ஸ் இயற்றிய சட்டத்தின் முக்கியப் பகுதிகளை அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் 2020 ஜூனில் செல்லாது என்று அறிவித்துவிட்டது. அந்த எச்சரிக்கை நியாயமானது. உங்கள் இரண்டாவது நிர்வாகியின் அச்சமும் அதே வகையைச் சேர்ந்தது.

தெற்குவாசல்

நேராகவே எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவில் கொல்லப்பட்ட குழந்தைகளின் படங்களை நான் பகிர்ந்தபோது, 'உணர்வைப் புண்படுத்தக்கூடியது' என்று ஒரு தளம் மறைத்தது. மூன்று நாள் என் கணக்கையும் முடக்கியது. யூத வெறுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே, பாலஸ்தீனரைப் பற்றிப் பேசும் வாயை அடைக்க வருகிறார்கள் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வருகிறது. அந்த முதல் பின்னூட்டம் கொடியது. அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதை எழுதியவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எது? கண்முன் நடக்கும் அழிவும், அதைப் பற்றி உலகம் காக்கும் மௌனமும் அல்லவா? இதைப் பேசாமல் அதை மட்டும் நீக்கினால், நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று உறுப்பினர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

கரும்பலகை

தெற்குவாசல் எழுதியதுதான் இந்த இழையின் மையக் கேள்வி. அதைத் தாண்டிப் போக முடியாது. நான் வரலாற்று ஆசிரியர், ஓய்வு பெற்றவர். உங்கள் குற்றச்சாட்டில் உண்மை உண்டு தம்பி. போரின் படங்களையும் வெறுப்பையும் ஒரே கத்தரியால் வெட்டுவது தவறு. அதனால்தான் கோட்டை எங்கே போடுவது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

யூத வெறுப்புக்கு இரண்டு வரையறைகள் பரவலாக எடுத்தாளப்படுகின்றன. ஒன்று, இனப்படுகொலை நினைவுக்கான பன்னாட்டுக் கூட்டணி 2016 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டது. மற்றது, அதில் இஸ்ரேல் தொடர்பான எடுத்துக்காட்டுகள் மிகுதி என்று கருதிய அறிஞர்கள் 2021 மார்ச்சில் வெளியிட்ட ஜெருசலேம் அறிக்கை. இரு தரப்பாரும் பல இடங்களில் மோதிக்கொள்கிறார்கள். ஆனால் நமக்கு வேண்டிய இடத்தில் ஒத்துப்போகிறார்கள். வேறெந்த நாட்டையும் விமர்சிப்பது போல இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது. அந்த நாடு செய்வதற்கு உலகெங்கும் உள்ள யூதர்களைப் பொறுப்பாக்குவது யூத வெறுப்பு. இஸ்ரேலின் பிரதமர், இராணுவம், குண்டுவீச்சு, முற்றுகை, குடியேற்றம் என்று பெயர் சொல்லிக் கடுமையாக எழுதுங்கள். எவரும் தடுக்கக் கூடாது. 'அவர்கள்' என்று எழுதும் கணத்தில் நின்று, அந்த 'அவர்கள்' யார் என்று கேளுங்கள்.

நமக்கு இது புரியாத கணக்கு அல்ல. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இலங்கைப் படையினர் கொல்லப்பட்டார்கள். அதற்குக் கொழும்பில் அடி வாங்கியவர் யார்? தேநீர்க்கடைக்காரர், வங்கி எழுத்தர், பள்ளிக்கூட ஆசிரியை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போனார்கள். அந்தப் பட்டியலில் நம் பெயர் இருந்தது. 2023 அக்டோபர் 18 அதிகாலையில் பெர்லினின் புருன்னன் தெருவில் உள்ள யூதத் தொழுகைக்கூடத்தின் மீது தீக்குண்டுகளை எறிந்தபோதும் கணக்கு அதுதான். அந்த வளாகத்தில் ஒரு மழலையர் பள்ளியும் இருக்கிறது. காஸாவில் ஒரு குண்டையும் அந்தத் தாக்குதல் தடுக்கவில்லை.

இனி வங்கிகளைப் பற்றிய பின்னூட்டமும் 'பாராட்டும்'. இரண்டுக்கும் வேர் ஒன்றே. நடுக்கால ஐரோப்பாவின் பல பகுதிகளில் யூதர்கள் நிலம் வைத்திருக்கவோ தொழிற்குழுக்களில் சேரவோ முடியாது. வட்டிக்குக் கொடுப்பதைத் திருச்சபை கிறிஸ்தவர்களுக்கு விலக்கியிருந்தது. ஒரு வாசலை மட்டும் திறந்துவைத்துவிட்டு, அதன் வழியே வந்தவனைப் பேராசைக்காரன் என்று சொன்ன கதை இது. உலகை ஆள யூதப் பெரியோர்கள் இரகசியத் திட்டம் தீட்டியதாகச் சொல்லும் 'நெறிமுறைகள்' என்ற ஆவணம் 1903இல் ரஷ்யச் செய்தித்தாளில் வெளிவந்தது. 1921இல் இலண்டன் டைம்ஸ் இதழ் அதைப் போலி என்று வரிக்கு வரி ஒப்பிட்டு நிறுவியது. மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி 1864இல் ஒரு பிரெஞ்சு வழக்கறிஞர் எழுதிய நூலிலிருந்து பத்தி பத்தியாகத் திருடியிருந்தார்கள். மூல நூலில் யூதரைப் பற்றிய பேச்சே இல்லை. ஈழத்தமிழர் கூட்டங்களில் 'யூதரைப் பார், நாடற்றவன் நாடு கண்டான்' என்று வியந்து பேசுவதை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். வியப்பு இரண்டு நிமிடத்தில் 'பணமும் பத்திரிகையும் அவன் கையில்' என்று முடியும். பேசுபவருக்குத் தீய எண்ணம் இல்லை. ஆனால் அவர் கையில் இருப்பது அந்தப் போலி ஆவணத்தின் ஒரு பக்கம். இப்படிப்பட்ட பின்னூட்டத்தை நான் நீக்க மாட்டேன்; பதில் எழுதுவேன்.

ஹிட்லர் பொன்மொழிக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். 'நேதாஜிக்கு உதவியவர்' என்று வாதிடுவோர் உண்டு. இந்தியா வேறெவர் ஆட்சியிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்பதையே தான் விரும்புவதாக ஹிட்லர் தன் நூலிலேயே எழுதிவைத்திருக்கிறார். இதைச் சொன்னதும் பலர் படத்தைத் தாமாகவே எடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று நம் வீட்டுக்குள்ளிருந்து. புனித வெள்ளி வந்தால் 'இயேசுவைக் கொன்ற யூதர்கள்' என்று பதிவுகள் வரும். அந்தப் பழியை அன்றைய யூதர் அனைவர் மீதும் இன்றைய யூதர் மீதும் சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று அறிவித்துவிட்டது. ஞாயிறு மறையுரை வரை அது இன்னும் முழுமையாக வந்துசேரவில்லை. நான் கத்தோலிக்கன், எனக்கு இது வருத்தம்.

ஹந்தானை

கண்டியிலிருந்து எழுதுகிறேன். தமிழ் பேசும் முஸ்லிம். யூதரைப் பற்றிய இழையில் எனக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும்.

2018 பிப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலப்பதாக ஒரு காணொளி பரவியது. அப்படியொரு மாத்திரையே மருத்துவத்தில் கிடையாது. ஒரு வாரத்தில் கண்டி மாவட்டத்தின் திகன ஊர் எரிந்தது; பிறகு கண்டியைச் சுற்றிய ஊர்கள். அவசரநிலை அறிவித்த அரசாங்கம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. அதற்குள் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்து முடிந்திருந்தன. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக ஃபேஸ்புக் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் இங்கே வேறு பலவும் நடந்துவிட்டன.

அந்த வாரம் எங்கள் தெருவில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆசிரியை அந்தக் காணொளி தன் பழைய மாணவர் குழுவுக்கு வந்தவுடன், "இப்படி மருந்து எதுவும் இல்லை, என் தம்பி மருந்தாளர், அவனிடமே கேட்டுவிட்டேன்" என்று சிங்களத்தில் குரல் பதிவு போட்டார். முப்பது நொடி இருக்கும். அதைக் கேட்ட பிறகு அக்குழுவில் எவரும் அந்தக் காணொளியை மேலே அனுப்பவில்லை. வதந்தி வந்த மொழியிலேயே, வந்த அன்றே, தெரிந்த குரலில் மறுப்பு வந்ததுதான் வேலை செய்தது. கொழும்பிலிருந்து வந்த ஆங்கில அறிக்கைகளை எங்கள் தெருவில் எவரும் படிக்கவில்லை.

ஆகவே வெளிமுற்றம் அக்காவிடம் ஒரு வேண்டுகோள். குழுவுக்கு விதி எழுதும்போது யூதருக்கு மட்டும் எழுதாதீர்கள். தமிழ்க் குழுக்களில் முஸ்லிமைப் பற்றியும், மலையகத்தாரைப் பற்றியும், சாதி சொல்லியும் வரும் பின்னூட்டங்களை நானும் பார்க்கிறேன். யூதர் ஒருவரும் இல்லாத குழுவில் யூதரைக் காப்பது எளிது; உறுப்பினர் ஒருவரின் சாதியைச் சுட்டி இன்னொருவர் எழுதும்போது உங்கள் விதி எழுந்து நிற்க வேண்டும்.

காலைப்பனி

கரும்பலகை ஐயா பதில் எழுதுவேன் என்கிறார். எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். ஜெர்மனியில் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பொருள்படும் 'இஷ் பின் ஹியர்' என்ற ஃபேஸ்புக் குழு 2016 டிசம்பரில் தொடங்கியது. ஸ்வீடனில் மினா டென்னர்ட் தொடங்கிவைத்த இயக்கத்தின் வழியில் ஹன்னஸ் லே இதை அமைத்தார். அதில் சில காலம் பங்கெடுத்தேன். செய்தித்தாள்களின் பக்கங்களில் வெறுப்பு குவியும் பின்னூட்டப் பகுதிக்குச் சேர்ந்தே போவோம். வசையில்லாமல், தகவலோடு எழுதுவோம். ஒருவர் எழுதியதற்கு மற்றவர் விருப்பக்குறி இடுவோம். அதனால் எங்கள் வரிகள் மேலே ஏறும், வெறுப்பு வரிகள் கீழே இறங்கும். வெறுப்பாளரை மாற்றுவது எங்கள் நோக்கம் அல்ல. வாசித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போகும் நூறு பேருக்காக எழுதினோம். ஒரு மாலையில் தனியாக எழுதியபோது எனக்கு வந்த வசையை இன்றும் மறக்கவில்லை. அதே இடத்துக்கு இருபது பேராகப் போனபோது ஒருவரும் என்னைத் தனியே குறிவைக்கவில்லை.

ஆனால் அது பிறர் வீட்டு முற்றத்தில் செய்யும் வேலை. உங்கள் குழுவில் சாவி உங்கள் கையில் உள்ளது. கொலையை மெச்சும் வரியின்கீழ் நூறு பேர் சண்டையிட்டால், அந்தச் சண்டையே அதை மேலும் பலர் கண்ணில் காட்டும். அதை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று தனிப்பதிவாக எழுதுங்கள்.

இளையவர்களுக்கு என்றால் லில்லி எபர்ட் அம்மையாரைக் காட்டுங்கள். ஹங்கேரியில் பிறந்து, 1944இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே தாயையும் ஒரு தம்பியையும் ஒரு தங்கையையும் இழந்தவர். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, தன் கொள்ளுப்பேரனோடு டிக்டாக்கில் உட்கார்ந்து, கையில் பச்சை குத்தப்பட்ட எண்ணைக் காட்டி, பிள்ளைகள் கேட்ட எந்தக் கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். 2024 அக்டோபரில் நூறாவது வயதில் காலமானார். அக்காணொளிகளின்கீழும் வெறுப்பு வந்தது, அவர் நிறுத்தவில்லை.

வெளிமுற்றம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க.

அந்தப் படத்தின் திரைப்பிடி நல்லவேளையாகச் சக நிர்வாகியிடம் இருந்தது. அதை இணைத்துச் சட்டவிரோத உள்ளடக்கம் என்ற வாசல் வழியே அறிவித்திருக்கிறோம். பெற்றுக்கொண்டதாக மட்டும் செய்தி வந்துள்ளது. மூவரும் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து விதியைத் தமிழில் எழுதினோம். "ஓர் அரசையும், இராணுவத்தையும், கட்சியையும், தலைவரையும் பெயர் சொல்லி விமர்சிக்கலாம். பிறப்பாலோ மதத்தாலோ சாதியாலோ ஒரு மக்கள் கூட்டத்தைக் குற்றவாளியாக்கும் வரியும், அவர்கள் கொல்லப்பட்டதை மெச்சும் வரியும் நீக்கப்படும். நீக்கிய காரணம் எழுதியவருக்குத் தெரிவிக்கப்படும்." சாதி என்ற சொல்லைச் சேர்த்தபோதுதான் அதிக நேரம் வாதாடினோம். ஹந்தானை தம்பி சொன்னது சரிதான். விதியை ஒட்டிய அன்றே நான்கு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள், நால்வரும் அந்தச் சொல்லுக்காக.

முதல் பின்னூட்டத்தை எழுதியவரை நான் தொலைபேசியில் அழைத்தேன். 1985இல் இங்கே அகதியாக வந்தவர், என் தந்தையின் வயது. முதலில் கோபப்பட்டார். பிறகு, காஸாவில் தந்தையொருவர் துணியில் சுற்றிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் காணொளியைப் பார்த்த அன்று இரவு எழுதியது என்றார். அதைப் பற்றியே எழுதுங்கள் ஐயா, யார் வீசிய குண்டு என்று பெயர் சொல்லி எழுதுங்கள், நான் நீக்க மாட்டேன் என்றேன். மூன்று நாள் கழித்து எழுதி அனுப்பினார். கடுமையான பதிவு, ஒரு வரியையும் தொடாமல் அனுமதித்தேன். தெற்குவாசலும் வந்து அதை வாசித்தால் மகிழ்வேன்.

இன்னும் ஒன்று தீரவில்லை. இப்போது வெறுப்பு, எழுத்தாக வருவதைவிடக் குரல் பதிவாகவே அதிகம் வருகிறது. எங்கள் குழுவிலிருந்து வாட்ஸ்அப்புக்குப் போய் அங்கிருந்து திரும்பி வருகிறது. எட்டு நிமிடப் பதிவு ஒன்றில் ஆறாவது நிமிடத்தில்தான் அந்த வரி இருக்கிறது. அனைத்தையும் உட்கார்ந்து கேட்க எங்கள் மூவருக்கும் நேரம் போதவில்லை. இதை எவரேனும் வேறு குழுவில் சமாளித்திருந்தால், எப்படி என்று எழுதுங்கள்.